பிள்ளைப்பேறு குறித்த சமூக அழுத்தம்

பிள்ளைப்பேறு குறித்த சமூக அழுத்தம் என்பது, திருமணமான இணையர் குறிப்பிட்ட காலத்துக்குள் பிள்ளை பெறவேண்டும் என்று குடும்பம், உறவினர், ஊரார், சமய நிறுவனங்கள், அரசு ஆகியவை நேரடியாகவோ மறைமுகமாகவோ செலுத்தும் வற்புறுத்தல் ஆகும். மகப்பேறின்மையால் வருந்துவோர், பிள்ளைப்பேற்றைத் தள்ளிப்போட விரும்புவோர், பிள்ளை வேண்டாம் என்று முடிவு செய்தோர் ஆகிய மூன்று பிரிவினரும் இவ்வழுத்தத்துக்கு உள்ளாகின்றனர். பெரும்பாலான சமூகங்களில் இதன் சுமை கணவனைவிட மனைவியின்மீதே கூடுதலாக விழுகிறது.

தமிழ்நாட்டில் பிறப்பு வீதம் பெரிதும் குறைந்த பின்னரும் இவ்வழுத்தம் மறையவில்லை. எத்தனை பிள்ளைகள் என்பதில் கட்டாயம் தளர்ந்துள்ளது. ஆனால் திருமணமான ஓரிரு ஆண்டுகளுக்குள் முதற்பிள்ளை பிறக்கவேண்டும் என்ற எதிர்பார்ப்பு பெரும்பாலும் அவ்வாறே நீடிக்கிறது. இக்கட்டுரை தமிழகத்தையும், சிறப்பாக இடைசெவல், கோவில்பட்டி முதலிய ஊர்களை உள்ளடக்கிய கரிசல் வட்டாரத்தையும் முன்வைத்து இதனை விளக்குகிறது.

வரைவிலக்கணம்

பிள்ளை பெறுவதை உயர்ந்த கடமையாகக் கருதி ஊக்குவிக்கும் கருத்துநிலை மகப்பேற்று ஆதரவியம் எனப்படும். இக்கருத்துநிலை அன்றாட வாழ்வில் செயற்படும் வடிவமே இங்கு சமூக அழுத்தம் எனப்படுகிறது. அமெரிக்க உளவியலாளர் லெட்டா ஹாலிங்வர்த் 1916 இல் அமெரிக்கச் சமூகவியல் இதழில் எழுதிய கட்டுரை இத்துறையின் முன்னோடி ஆய்வுகளுள் ஒன்று. பெண்கள் பிள்ளை பெற்று வளர்ப்பதற்கு இயல்பான உந்துதல் மட்டுமே காரணம் அன்று என்றும், பொதுக்கருத்து, சட்டம், கல்வி, கலை போன்றவை சமூகக் கட்டுப்பாட்டுக் கருவிகளாக நின்று அவர்களை அதற்குத் தள்ளுகின்றன என்றும் அவர் வாதிட்டார்.

மகப்பேறின்மை என்பது வேறு, விருப்பக் குழந்தையின்மை என்பது வேறு. முன்னது உடல்நலம் சார்ந்த நிலை. பின்னது இணையரின் தெரிவு. ஊர்ப்பேச்சில் இவ்விரண்டும் பிரித்தறியப்படுவதில்லை. காரணம் எதுவாயினும் அது குறையாகவே கொள்ளப்படுகிறது.

சொற்களும் வழக்குகளும்

பிள்ளையில்லாத பெண்ணைக் குறிக்கத் தமிழில் மலடி, வறடி, வந்தி எனப் பல சொற்கள் உள்ளன. மலடன் என்ற ஆண்பாற் சொல் அகராதிகளில் இருந்தாலும் பேச்சில் மிக அரிது. மலடு என்னும் சொல் பயிர் விளையாத நிலத்துக்கும், கன்று ஈனாத மாட்டுக்கும், காய்க்காத மரத்துக்கும் உரியது. அதே சொல்லைப் பெண்ணுக்கும் ஆள்வதில் பெண்ணை விளைபொருளால் அளக்கும் பார்வை வெளிப்படுகிறது. ஒரு பிள்ளைக்குமேல் பெறாதவளைக் காகவந்தி என்று குறிக்கும் பழஞ்சொல்லும் உண்டு. ஒரு பிள்ளை பெற்றவளும் ஒரு காலத்தில் முழுமையாகத் தப்பவில்லை என்பதை இது காட்டுகிறது.

நேரடியாகக் கேட்பது நாகரிகமன்று என்று கருதுவோர் இடக்கரடக்கலாகக் கேட்பதுண்டு. "ஏதும் விசேஷம் உண்டா?" என்பது தமிழகம் முழுவதும் வழங்கும் கேள்வி. விசேஷம் என்ற பொதுச்சொல் இங்கு கருவுற்றிருத்தல் என்ற ஒரே பொருளில் வருகிறது. தென்மாவட்டங்களில் "புழு பூச்சி ஏதும் உண்டா?" என்றும் கேட்பர். கருவுற்றிருத்தலை முழுகாமல் இருத்தல், மாசமாக இருத்தல், வாயும் வயிறுமாக இருத்தல் என்று பலவாறு சுட்டுவர். மாதவிலக்குக்குப் பின் தலைமுழுகும் வழக்கத்தை ஒட்டியே முழுகாமல் இருத்தல் என்ற தொடர் பிறந்தது. கூட்டுக் குடும்பத்தில் மருமகள் தலைமுழுகும் நாள் வீட்டில் அனைவருக்கும் தெரியும் என்பதால், அவளது மாதவிலக்கே மாதந்தோறும் மற்றவர் அறியும் செய்தியாகிவிடும்.

அவசரப்படுவோரைக் கேலி செய்யும் பழமொழியும் உண்டு. அரசமரத்தைச் சுற்றிவிட்டு அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தாளாம் என்பது அது. உடனே பலன் எதிர்பார்க்கும் எவரையும் குறித்து இன்று அது சொல்லப்படுகிறது. எனினும் அதன் பின்னணியில் இருப்பது பிள்ளை வரம் வேண்டி மரத்தைச் சுற்றிய பெண்ணின் பதற்றமே.

வரலாற்றுப் பின்னணி

சங்க இலக்கியம்

பிள்ளைப்பேற்றைக் கடமையாகக் காணும் எண்ணம் சங்க இலக்கியத்திலேயே காணப்படுகிறது. பாண்டியன் பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியை நெட்டிமையார் பாடிய புறநானூற்று 9 ஆம் பாடலில், போர் தொடங்குமுன் பாதுகாப்பான இடத்துக்குச் செல்லுமாறு அறிவிக்கப்படுவோர் பட்டியல் ஒன்று உள்ளது. பசுக்கள், பார்ப்பனர், பெண்டிர், பிணியுற்றோர் ஆகியோருடன், இறந்த முன்னோர்க்குக் கடனாற்றும் புதல்வரைப் பெறாதோரும் அதில் இடம்பெறுகின்றனர். கோப்பெருஞ்சோழனோடு வடக்கிருக்க வந்த பொத்தியார் என்னும் புலவரை, மகன் பிறந்தபின் வருமாறு அரசன் திருப்பி அனுப்பிய செய்தி 222 ஆம் பாடலில் உள்ளது. பாண்டியன் அறிவுடைநம்பி பாடிய 188 ஆம் பாடல், மக்கட்செல்வம் இல்லாதவரின் வாழ்நாள் பயனற்றது என்ற கருத்தை உடையது.

அறநூல்களும் காப்பியங்களும்

திருக்குறளின் 7 ஆம் அதிகாரம் மக்கட்பேறு பற்றியது. பரிமேலழகர் உரையில் இதன் தலைப்பு புதல்வரைப் பெறுதல் என்று உள்ளது. முனிவர், தேவர், தென்புலத்தார் ஆகியோர்க்குரிய மூன்று கடன்களுள் தென்புலத்தார் கடன் புதல்வரைப் பெறுவதால் தீர்வது என்று அவர் விளக்குகிறார். அறிவுடைய மக்களைப் பெறுவதன் சிறப்பையும் மழலையின் இன்பத்தையும் பேசும் குறள்களில் பிள்ளை இல்லாத பெண்ணைப் பழிக்கும் கூற்று இல்லை.

சிலப்பதிகாரத்தின் கண்ணகி பிள்ளை பெறாதவள். கோவலனுக்குப் பிறந்த மணிமேகலை மாதவியின் மகள். கண்ணகி பத்தினித் தெய்வமாக வழிபடப்படுவதற்கு இது தடையாகவில்லை. காரைக்கால் அம்மையாரும் இல்லறத்தைத் துறக்கும்வரை பிள்ளை பெற்றதாகப் பெரியபுராணம் கூறவில்லை. வழிபாட்டில் தாய்மைக்கு நிகரான வேறு தகுதிகளையும் தமிழ் மரபு ஏற்றுள்ளதற்கு இவை சான்றாகும்.

சொத்தும் வாரிசும்

ஆண்வாரிசு இல்லாமை பெருநிலக் குடும்பங்களில் அரசியல் சிக்கலாகவும் இருந்தது. தஞ்சை மராட்டிய மன்னர் இரண்டாம் சிவாஜி ஆண்வாரிசு இன்றி 1855 இல் இறந்தபின் அவ்வரசின் உரிமைகளைக் கிழக்கிந்தியக் கம்பனி கைக்கொண்டது. இராமநாதபுரம் சமீனில் விதவையான இராணி ஒருவர் செய்த தத்தெடுப்பை எதிர்த்த வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. கணவன் முன்அனுமதி தராதிருந்தாலும், கணவனின் நெருங்கிய உறவினர் இசைவுடன் விதவை தத்தெடுக்கலாம் என்று 1868 இல் தீர்ப்பளிக்கப்பட்டது. எழுதப்பட்ட சாத்திரத்தைவிட நிலைபெற்ற வழக்கம் வலியது என்ற கொள்கைக்காக இத்தீர்ப்பு இன்றும் சட்ட மாணவர்களால் படிக்கப்படுகிறது.

எளிய குடும்பங்களிலும் பிள்ளை பெண்ணுக்குக் காப்பாக இருந்தது. கூட்டுக் குடும்பச் சொத்தில் பிள்ளையில்லா விதவைக்குப் பழைய இந்துச் சட்டத்தில் சோறும் துணியும் பெறும் உரிமையே இருந்தது. 1937 ஆம் ஆண்டின் இந்துப் பெண்கள் சொத்துரிமைச் சட்டமும், 1956 ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டமும் இந்நிலையை மாற்றின. ஆகவே மருமகளைப் பிள்ளை பெறுமாறு வற்புறுத்திய தாய், மாமியார் ஆகியோரின் அச்சத்துக்கு ஒரு பொருளியல் அடிப்படையும் இருந்தது எனலாம். சட்டம் மாறியபின்னும் அச்சம் தொடர்ந்தது.

கரிசல் வட்டாரத்தில்

இடைசெவல் தூத்துக்குடி மாவட்டத்தில் கோவில்பட்டிக்கு அருகே உள்ள ஊர். எழுத்தாளர்கள் கி. ராஜநாராயணன் (1923–2021), கு. அழகிரிசாமி (1923–1970) இருவரும் பிறந்த ஊர் இதுவே. இவ்வட்டாரம் கறுப்புமண் நிறைந்த மானாவாரி நிலம். பருத்தி, உளுந்து, மக்காச்சோளம், கம்பு, மிளகாய் முதலியவை மழையை நம்பி விளைகின்றன.

மானாவாரி வேளாண்மையில் மழை பெய்த சில நாட்களுக்குள் உழுது விதைத்தாக வேண்டும். களையெடுப்பு, பருத்தி எடுப்பு போன்ற வேலைகளுக்கும் ஒரே நேரத்தில் பல கைகள் தேவை. கூலிக்கு ஆள் வைக்க இயலாத சம்சாரிக்குப் பிள்ளைகளே ஆள்பலம். முதுமையில் கஞ்சி ஊற்றுவதற்கும் வேறு ஏற்பாடு இருந்ததில்லை. பஞ்சமும் கொள்ளைநோயும் பிள்ளைகளைக் கொண்டுபோன காலத்தில் ஒன்றிரண்டு பிள்ளைகளோடு நிறுத்துவது துணிச்சலான காரியமாகக் கருதப்பட்டது.

பிறந்த பிள்ளைகள் அடுத்தடுத்து இறந்த வீடுகளிலும், நெடுங்காலம் கழித்துப் பிள்ளை பிறந்த வீடுகளிலும் பிச்சை, குப்பை, தவிடு போன்ற சொற்களைக் கொண்டு பெயரிடும் வழக்கம் தென்மாவட்டங்களில் இருந்தது. பிள்ளையைக் குப்பையில் கிடத்தி எடுப்பதும், அடுத்த வீட்டாருக்குத் தத்துக்கொடுத்துத் தவிட்டைக் கொடுத்துத் திரும்ப வாங்குவதும் இதன் சடங்குகள். மதிப்பற்றதென்று காட்டினால் எமனோ கண்ணேறோ அப்பிள்ளையை அணுகாது என்பது நம்பிக்கை. பிச்சை, குப்பம்மாள் போன்ற பெயர்கள் இன்றும் முதியோரிடம் காணப்படுகின்றன.

கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசிப் பகுதிகளில் தீப்பெட்டித் தொழில் பரவியபின் பெண்களுக்கு நிலத்துக்கு வெளியே கூலி கிடைத்தது. தீப்பெட்டி ஆபீஸ் என்று பேச்சில் வழங்கும் இத்தொழிற்கூடங்களில் பெண்களே மிகுதியாகப் பணிபுரிகின்றனர். இத்தொழிலில் ஒரு காலத்தில் குழந்தைகளும் பெருமளவில் ஈடுபடுத்தப்பட்டனர். சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் குறித்த வழக்கில் 1996 இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பள்ளிக்கல்வி பரவி, குழந்தை உழைப்பு குறைந்தபின் பல பிள்ளைகள் என்பது வருவாய் என்ற நிலை மாறிச் செலவு என்றாயிற்று. இதனால் பிள்ளைகளின் எண்ணிக்கை குறைந்தது. ஒரு பிள்ளையாவது வேண்டும் என்ற வற்புறுத்தல் குறையவில்லை.

வெளிப்படும் முறைகள்

அழுத்தம் பெரும்பாலும் சண்டையாகத் தொடங்குவதில்லை, வாழ்த்தாகவே தொடங்குகிறது. பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழ்க என்று மணமேடையிலேயே வாழ்த்துகின்றனர். இதிலுள்ள பதினாறு என்பது கல்வி, செல்வம், நோயின்மை முதலிய பதினாறு பேறுகளைக் குறிக்கும் என்பர். நன்மக்கள் அவற்றுள் ஒன்று மட்டுமே. பேச்சில் அது பதினாறு பிள்ளைகள் என்றே விளங்கிக்கொள்ளப்படுகிறது.

ஆடி மாதத்தில் புதுமணப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துச் செல்வது தமிழக வழக்கம். ஆடியில் கருவுற்றால் சித்திரை வெயிலில் பேறுகாலம் வரும் என்பது இதற்குக் கூறப்படும் காரணம். திருமணமானவுடன் கருவுறுதல் நிகழும் என்ற எடுகோளின்மீதே இவ்வழக்கம் அமைந்துள்ளது. தலைதீபாவளிக்கு வரும் இணையரிடம் கேள்விகள் தொடங்குகின்றன. அடுத்த ஆண்டு தீபாவளிக்குள் கேள்வி அறிவுரையாகிறது. மூன்றாம் ஆண்டில் மருத்துவர், சோதிடர், கோயில் ஆகியவற்றின் பெயர்கள் பரிந்துரைக்கப்படுகின்றன.

பின்வருவன பரவலாகக் காணப்படும் வடிவங்கள்:

* ஓரகத்தி, நாத்தனார் அல்லது பின்னர் மணமான உறவுப்பெண்ணோடு ஒப்பிட்டுப் பேசுதல்.
* வளைகாப்பு, பெயர்சூட்டு விழா போன்றவற்றில் பிள்ளையில்லாத பெண்ணை முன்னிற்க விடாமை. சிலர் அழைப்பே விடுப்பதில்லை.
* பிறர் குழந்தையைத் தூக்கினால் கண்ணேறு படும் என்று குழந்தையை வாங்கிக்கொள்ளுதல்.
* கணவனுக்கு மறுமணம் செய்விக்கப்போவதாக அச்சுறுத்துதல்.
* சீர்வரிசை, சொத்துப் பங்கு ஆகியவற்றைப் பேரன் பேத்தி பிறப்பதோடு பிணைத்தல்.
* பணியிடத்திலும் பயணத்திலும் அறிமுகமற்றோர் கேட்கும் கேள்விகள்.

கணவன் வெளியூரிலோ வெளிநாட்டிலோ பணிபுரியும் குடும்பங்களில் இவ்வழுத்தம் வேறொரு வடிவம் பெறுகிறது. வளைகுடா நாடுகளில் பணிபுரிவோர் நீண்ட இடைவெளிக்குப் பின் ஓரிரு மாத விடுப்பில் வருகின்றனர். அவ்விடுப்பில் கருவுறாவிட்டால் அடுத்த விடுப்புவரை மனைவியே ஊராரின் கேள்விகளுக்குப் பதில்சொல்ல வேண்டியுள்ளது.

பெண்ணைப் புண்படுத்தவேண்டும் என்ற நோக்கம் கேட்பவருக்கு இருக்கவேண்டும் என்பதில்லை. பலர் அக்கறையாகவே கேட்கின்றனர். ஒரே கேள்வியை ஒரு வாரத்தில் பத்துப்பேர் கேட்கும்போது அது எவ்வாறு ஒலிக்கும் என்பது கேட்பவர் ஒவ்வொருவருக்கும் தெரிவதில்லை.

வேண்டுதல்களும் வழிபாடும்

பிள்ளை வரம் வேண்டுதல் தமிழகச் சமய வாழ்வின் முக்கிய கூறு. அரசும் வேம்பும் இணைந்த மரத்தைச் சுற்றுதல், நாகர் சிலை நிறுவுதல், மண்சோறு உண்ணுதல், கோயில் மரத்தில் சிறு தொட்டில் கட்டுதல் ஆகியவை பரவலான நேர்த்திக்கடன்கள். சாத்தூர் அருகே அர்ச்சுனா நதியும் வைப்பாறும் கூடுமிடத்தில் அமைந்த இருக்கன்குடி மாரியம்மன் கோயில் கரிசல் மக்களின் பெரிய வேண்டுதல் தலம். பிள்ளை பிறந்தபின் கரும்பில் தொட்டில் கட்டிக் குழந்தையை இட்டு மாரியம்மன் கோயிலை வலம்வருவது தமிழகத்தில் பல ஊர்களில் உள்ள வழக்கம். ஆடிப்பூரத்தன்று அம்மனுக்கு வளைகாப்பு நடத்தி, அவ்வளையல்களைப் பெண்களுக்கு வழங்குவர். கோயிலுக்கு வெளியே வளைகாப்பில் ஒதுக்கப்படும் பெண்ணுக்கும் அம்மனின் வளைகாப்பில் வளையல் கிடைக்கிறது.

தஞ்சாவூர் மாவட்டம் திருக்கருகாவூர், மயிலாடுதுறை மாவட்டம் திருவெண்காடு ஆகியவை இதே நோக்கில் மக்கள் நாடும் பிற தலங்கள். வேளாங்கண்ணி மாதா கோயிலிலும் பல தர்காக்களிலும் தொட்டில் கட்டும் வழக்கம் சமய வேறுபாடின்றிக் காணப்படுகிறது.

வேண்டுதல் இருவகையாகச் செயற்படுகிறது. துயருற்ற பெண்ணுக்கு ஆறுதலையும், வீட்டைவிட்டு வெளியே சென்றுவரும் வாய்ப்பையும் தருகிறது. மறுபுறம், நோன்பிருந்து உடல் வருத்தும் கடன் பெண்ணுக்கே உரியதாக இருப்பதால், குறை அவளுடையதே என்ற எண்ணத்தையும் உறுதிப்படுத்துகிறது.

மருத்துவ நோக்கு

பாதுகாப்பற்ற உடலுறவு 12 மாதங்களோ அதற்கு மேலோ இருந்தும் கருவுறாமையை மகப்பேறின்மை என்று உலக சுகாதார அமைப்பு வரையறுக்கிறது. 2023 இல் அவ்வமைப்பு வெளியிட்ட அறிக்கையின்படி, உலகில் வயதுவந்தோரில் ஏறத்தாழ 17.5 விழுக்காட்டினர், அதாவது ஆறுபேரில் ஒருவர், வாழ்நாளில் எப்போதேனும் மகப்பேறின்மையை எதிர்கொள்கின்றனர். செல்வநாடுகளுக்கும் வறிய நாடுகளுக்கும் இவ்வளவில் பெரிய வேறுபாடு இல்லை.

காரணம் பெண்ணிடமோ ஆணிடமோ இருவரிடமுமோ இருக்கலாம். கண்டறிய முடியாமலும் போகலாம். ஆண்சார்ந்த காரணங்கள் கணிசமான பங்கு வகிக்கின்றன. விந்துச் சோதனை எளியது, செலவு குறைந்தது, உடலுக்குத் தீங்கற்றது. பெண்ணுக்குரிய சோதனைகள் பல, சில வலிமிக்கவை. ஆயினும் முதலில் பெண்ணே மருத்துவரிடம் அழைத்துச் செல்லப்படுவது வழக்கமாக உள்ளது. ஆண்மை என்பதையும் மகப்பேற்றுத் திறனையும் ஒன்றாகக் கருதும் பிழையான எண்ணமே ஆண்கள் சோதனைக்குத் தயங்குவதற்கு முதன்மைக் காரணம். இவை வெவ்வேறானவை. உடலுறவில் எக்குறையும் இல்லாத ஆணின் விந்திலும் உயிரணுக்கள் குறைவாக இருக்கலாம்.

சோதனைக்குழாய்க் கருத்தரிப்பு முறையில் உலகின் முதற்குழந்தையான லூயிசு பிரவுன் 1978 சூலை 25 இல் இங்கிலாந்தில் பிறந்தார். அதே ஆண்டு அக்டோபர் 3 இல் கொல்கத்தாவில் மருத்துவர் சுபாசு முகோபாத்யாயின் முயற்சியால் ஒரு குழந்தை பிறந்தது. அவரது பணி அக்காலத்தில் ஏற்கப்படவில்லை. 1981 இல் அவர் தற்கொலை செய்துகொண்டார். சென்னையில் மருத்துவர் கமலா செல்வராசு 1990 இல் தென்னிந்தியாவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தையை உருவாக்கினார். அதன்பின் தமிழகத்தின் பல நகரங்களில் கருத்தரிப்பு மையங்கள் பெருகின.

இம்மருத்துவம் பலருக்குப் பிள்ளை தந்துள்ளது. அதேவேளை ஒவ்வொரு சுற்றும் வெற்றிபெறும் என்று உறுதியில்லை. பெண்ணின் வயது கூடக்கூட வெற்றிவாய்ப்புக் குறைகிறது. அழுத்தத்துக்கு உள்ளான இணையர் நகையையும் நிலத்தையும் விற்று அடுத்தடுத்த சுற்றுகளுக்குச் செல்வதுண்டு. முன்பு விதி என்று முடிந்த இடத்தில் இன்று "இன்னொருமுறை பார்க்கலாமே" என்ற வற்புறுத்தல் தொடர்கிறது. 2022 இல் ஈரோட்டில் 16 வயதுச் சிறுமியின் கருமுட்டைகள் பலமுறை விற்கப்பட்டது வெளிப்பட்டபோது, இத்துறையின் மறுபக்கம் பொதுவிவாதத்துக்கு வந்தது.

மகப்பேறின்மையைக் குணப்படுத்துவதாகக் கூறும் போலி மருத்துவ விளம்பரங்களும் உண்டு. பெண்ணின் மலட்டுத்தன்மைக்கு மருந்து என்று விளம்பரம் செய்வதை 1954 ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மந்திரத் தீர்வுகள் விளம்பரச் சட்டம் தடைசெய்கிறது.

விளைவுகள்

மனச்சோர்வு, குற்றவுணர்வு, விழாக்களைத் தவிர்த்துத் தனித்திருத்தல், இணையரிடையே பிணக்கு ஆகியவை பொதுவான விளைவுகள். கடுமையான நிலைகளில் வன்முறை, கைவிடுதல், மணமுறிவு ஆகியவை நிகழ்கின்றன. இந்தியாவில் தற்கொலைகள் குறித்து ஆண்டுதோறும் அறிக்கை வெளியிடும் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம், காரணங்களின் பட்டியலில் பிள்ளையின்மையைத் தனி வகையாகவே கணக்கிட்டு வந்துள்ளது. இது தனிப்பட்ட சிலரின் துயரம் மட்டும் அன்று என்பதற்கு இதுவே போதிய சான்று.

ஆண்களும் பாதிக்கப்படுகின்றனர். பெண்கள் துயரைத் தாயிடமோ தோழியிடமோ சொல்ல இயல்கிறது. ஆண்களுக்குத் தம் குறைபற்றிப் பேச ஏற்ற இடம் பெரும்பாலும் அமைவதில்லை. கணவனிடம் குறை இருப்பது சோதனையில் தெரிந்தபின்னும், அவன் மதிப்பைக் காக்க மனைவி பழியைத் தானே ஏற்றுக்கொள்ளும் நிலையும் உண்டு.

சட்ட நிலை

இந்தியச் சட்டத்தில் பிள்ளையின்மை மணமுறிவுக்குரிய காரணம் அன்று. 1955 ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டத்தின்படி ஆண்மையின்மையால் மணவுறவு நிறைவேறாதபோது திருமணத்தை இல்லாநிலையதாக்கக் கோரலாம். மகப்பேறின்மை இதில் அடங்காது. பிள்ளையில்லாததைக் காரணம் காட்டி இரண்டாம் மணம் புரிவது முன்பு தமிழகத்தில் பரவலாக இருந்தது. மனைவியின் தங்கையையே இரண்டாம் மனைவியாகக் கொள்வதும் வழக்கம். சென்னை மாகாணத்தில் 1949 ஆம் ஆண்டின் சட்டம் இந்துக்களிடையே இருதார மணத்தைத் தடைசெய்தது. 1955 ஆம் ஆண்டின் சட்டம் அதை நாடு முழுவதற்கும் ஆக்கியது.

2005 ஆம் ஆண்டின் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் இப்பொருளில் தனிக் கவனத்துக்குரியது. குழந்தை இல்லை என்றோ ஆண்குழந்தை இல்லை என்றோ பெண்ணை இழிவுபடுத்திப் பேசுவதையும் எள்ளுவதையும் அச்சட்டத்தின் 3 ஆம் பிரிவு சொல்லாலும் மனத்தாலும் இழைக்கப்படும் வன்கொடுமையாக வெளிப்படையாகவே குறிப்பிடுகிறது. அவ்வாறு துன்புறும் மனைவி பாதுகாப்பு ஆணை, உறைவிட ஆணை, இழப்பீடு ஆகியவற்றைக் கோர முடியும். மலடி என்று ஏசுவது வெறும் குடும்பப் பேச்சு அன்று, சட்டம் கேட்கக்கூடிய கொடுமை என்பதைப் பலர் அறிந்திருப்பதில்லை.

பிள்ளை வேண்டாம் என்ற தெரிவு குறித்து உச்ச நீதிமன்றம் இரு திசைகளில் பேசியுள்ளது. 2007 இல் சமர் கோசு வழக்கில், இணையரில் ஒருவர் தன்னிச்சையாகப் பிள்ளை வேண்டாம் என்று முடிவெடுப்பது மற்றவருக்கு இழைக்கும் மனக்கொடுமையாகக் கருதப்படலாம் என்றது. 2009 இல் சுசிதா சிறீவத்சவா வழக்கில், பிள்ளை பெறுவதும் பெறாதிருப்பதும் அரசியலமைப்பின் 21 ஆம் உறுப்பு காக்கும் தனிமனித உரிமையின் பகுதி என்றது. இவை முரண்படுவதாகத் தோன்றினாலும், முதல் தீர்ப்பு இணையர் இருவருக்கிடையிலான உறவைப் பற்றியது. இரண்டாவது அரசின் தலையீட்டைப் பற்றியது. இருவரும் சேர்ந்து எடுக்கும் முடிவில் உறவினர்க்கு எவ்வித உரிமையும் இரு தீர்ப்புகளிலும் தரப்படவில்லை.

தத்தெடுத்தலை 1956 ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு மற்றும் பராமரிப்புச் சட்டமும், சமய வேறுபாடின்றி 2015 ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டமும் ஒழுங்குபடுத்துகின்றன. 2021 இல் இயற்றப்பட்ட இரு சட்டங்கள் கருத்தரிப்பு மையங்களையும் வாடகைத்தாய் முறையையும் கட்டுப்படுத்துகின்றன. வணிக நோக்கிலான வாடகைத்தாய் முறை இவற்றால் தடைசெய்யப்பட்டது.

இலக்கியத்தில்

பிள்ளையில்லாத அரசனும் அரசியும் தவமிருந்து வரம் பெறுவது நாட்டார் கதைகளில் மிகப் பழகிய தொடக்கம்.

இப்பொருளை நேரடியாக எடுத்துக்கொண்ட தற்காலப் படைப்புகளுள் பெருமாள்முருகனின் மாதொருபாகன் (2010) என்ற புதினம் குறிப்பிடத்தக்கது. ஆங்கிலேயர் ஆட்சிக்காலத் திருச்செங்கோடு வட்டாரத்தில் வாழும் காளி, பொன்னா என்னும் உழவர் இணையர் ஒருவரையொருவர் விரும்பி வாழ்ந்தும், பன்னிரண்டு ஆண்டுகளாகப் பிள்ளை இல்லாததால் ஊராரின் சொல்லுக்கு ஆளாவதை அது சித்தரிக்கிறது. தேர்த்திருவிழாவின் ஓரிரவில் பிள்ளையில்லாப் பெண்கள் வேற்று ஆணுடன் கூடிக் கருவுறலாம் என்ற வழக்கம் கதையில் இடம்பெற்றது. இதை எதிர்த்து 2014 திசம்பரில் அவ்வட்டாரத்தில் போராட்டங்கள் நடந்தன. 2015 சனவரியில், தம்முள் இருந்த எழுத்தாளன் இறந்துவிட்டதாக ஆசிரியர் அறிவித்தார். நூலைத் தடைசெய்யக் கோரிய மனுவைச் சென்னை உயர் நீதிமன்றம் 2016 சூலை 5 இல் தள்ளுபடி செய்தது. அதன்பின் அவர் மீண்டும் எழுதத் தொடங்கினார்.

சர்ச்சை முழுவதும் திருவிழா இரவைச் சுற்றியே அமைந்தது. நூலின் பெரும்பகுதியில் வரும் ஊர்ச்சொல்லின் கொடுமை குறைவாகவே பேசப்பட்டது.

அரசின் நிலைப்பாடுகள்

இந்தியா 1952 இல் அரசுசார் குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. சிவப்பு முக்கோணமும் "நாமிருவர் நமக்கிருவர்" என்ற முழக்கமும் சுவர்தோறும் எழுதப்பட்டன. நெருக்கடி நிலைக் காலத்தில் (1975–1977) வட மாநிலங்களில் கட்டாயக் கருத்தடை நடந்தது. தேசியக் குடும்பநல ஆய்வுகளின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குரிய சராசரிப் பிள்ளைகள் எண்ணிக்கை 1992–93 இல் 2.5 ஆக இருந்து 2019–21 இல் 1.8 ஆகக் குறைந்தது. மக்கள்தொகை குறையாமல் நிலைத்திருக்கத் தேவையான அளவு 2.1 ஆகும்.

தமிழகப் பெண்கள் பலர் இளவயதில் விரைந்து பிள்ளை பெற்று, இரண்டாவதோடு அறுவைக் கருத்தடை செய்துகொள்கின்றனர். முதற்பிள்ளைக்கு முன் கருத்தடை செய்வதைக் குடும்பங்கள் ஏற்பதில்லை. ஆகவே பிள்ளை பெறு என்ற குடும்பத்தின் வற்புறுத்தலும், நிறுத்து என்ற அரசின் வற்புறுத்தலும் சில ஆண்டு இடைவெளியில் ஒரே பெண்ணின்மீது விழுந்தன.

மக்கள்தொகை அடிப்படையில் நாடாளுமன்றத் தொகுதிகள் மறுவரையறை செய்யப்பட்டால் தென்மாநிலங்கள் இடங்களை இழக்கும் என்ற அச்சம் அண்மையில் எழுந்தது. 2024 அக்டோபரில் ஒரு திருமண விழாவில் தமிழக முதலமைச்சர் மு. க. ஸ்டாலின், பதினாறு பேறு என்ற வாழ்த்தைக் குறிப்பிட்டு, பதினாறு பிள்ளைகள் பெறலாமே என்று எண்ணும் நிலை வந்துள்ளதாகப் பேசினார். 2025 மார்ச்சில் நாகப்பட்டினத்தில், மணமக்கள் உடனே பிள்ளை பெற்றுக்கொள்ள வேண்டும் என்றார்.

மாற்றுக் கருத்துக்கள்

சுயமரியாதை இயக்கம் இவ்வழுத்தத்தை வெளிப்படையாக எதிர்த்தது. ஈ. வெ. இராமசாமி கருத்தடையை 1920களின் பிற்பகுதியிலிருந்தே ஆதரித்து எழுதினார். பிறர் குடும்ப வருவாய், உடல்நலம், நாட்டின் பொருளாதாரம் ஆகியவற்றைக் காரணம் காட்டியபோது, பெண்ணின் விடுதலையே முதற்காரணம் என்று அவர் வாதிட்டார். பெண் ஏன் அடிமையானாள் என்ற நூலில் பெண்கள் பிள்ளை பெறுவதையே நிறுத்தலாம் என்ற அளவுக்குச் சென்றார். மனித இனம் பெருகாவிட்டால் என்னாகும் என்ற கேள்விக்கு, அது பெண்களின் கவலையாக இருக்கத் தேவையில்லை என்ற வகையில் விடையளித்தார்.

இன்று நகரங்களில் பிள்ளை வேண்டாம் என்று முடிவு செய்யும் இணையர் சிறு தொகையினராக உள்ளனர். தன்னலம் என்ற குற்றச்சாட்டு இவர்கள்மீது வைக்கப்படுகிறது. முதுமைக் காப்பு, குடும்பத் தொடர்ச்சி, தாத்தா பாட்டியின் ஏக்கம் ஆகியவற்றை முன்வைக்கும் பெற்றோரின் கவலைகளும் பொய்யானவை அல்ல. முதியோர் ஓய்வூதியமும் மருத்துவக் காப்பும் வலுப்படாத சமூகத்தில் பிள்ளையே காப்பீடாக உள்ளது. அக்காப்பு வேறு வழியில் கிடைக்கும் அளவுக்கு அழுத்தமும் தளரும் என்பது ஒரு சாராரின் கருத்து.

பிற நாடுகளில்

சோவியத் ஒன்றியம் 1941 முதல் பிள்ளையில்லாதோர்மீது வரி விதித்தது. உருமேனியா 1966 இல் கருக்கலைப்பையும் கருத்தடையையும் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. மறைவான கருக்கலைப்பில் பெண்கள் பலர் இறந்தனர். 1989 ஆட்சி மாற்றத்தின்போது அனாதை இல்லங்கள் நிரம்பியிருந்தன. சீனா ஒரு பிள்ளைக் கொள்கையை 2015 இல் கைவிட முடிவுசெய்து, 2021 இல் மூன்று பிள்ளைகளை அனுமதித்தது. தென்கொரியாவில் பல ஊக்கத்தொகைகளுக்குப் பின்னும் சராசரி 2023 இல் 0.72 ஆக இருந்தது. வேலைநேரம், வீட்டுச் செலவு, பிள்ளை வளர்ப்பில் ஆணின் பங்கு ஆகியவை மாறாதவரை ஊக்கத்தொகையால் மட்டும் பயன் குறைவு என்பதற்கு இது எடுத்துக்காட்டாகக் கூறப்படுகிறது.

இவற்றையும் பார்க்க

* மகப்பேறின்மை
* குடும்ப வன்முறை
* தத்தெடுப்பு
* குடும்பக் கட்டுப்பாடு
* மாதொருபாகன்
* இடைசெவல்